சருகாய் இறங்கும் பந்து: டிடியின் ஃப்ரீ கிக்கும் அவர் வளர்த்த பெரு அணியும்

கால்பந்தில் எதிரணி விதியை மீறும்போது கிடைக்கும் உதை ஃப்ரீ கிக். அதை அடிப்பவருக்கு முன்னால் இருப்பது முதலில் ஒரு கணக்கு. பந்து கோலிலிருந்து 25 மீட்டர் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். விதிப்படி 9.15 மீட்டர் தூரத்தில் எதிரணியினர் நான்கைந்து பேர் தோளோடு தோள் சேர்த்துச் சுவராக நிற்கிறார்கள். அவர்கள் எம்பினால் தலை ஏறக்குறைய 2.3 மீட்டர் உயரத்துக்கு வரும். பந்து அதைத் தாண்ட வேண்டும். தாண்டிய பிறகு, 2.44 மீட்டர் உயரத்தில் இருக்கும் குறுக்குக் கம்பத்துக்குக் கீழே இறங்கவும் வேண்டும்.

நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டரில், சுவரின் தலையை உரசாமல் பந்தைத் தூக்கினால் அது கோல் கோட்டை அடையும்போது தரையிலிருந்து சுமார் 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கோலுக்குள்தான் போகிறது. ஆனால் போய்ச் சேர 1.3 நொடிக்கு மேல் ஆகிறது. நல்ல கோல்கீப்பருக்கு அது தாராளமான நேரம். இரண்டு எட்டு வைத்துப் பாய்ந்து பிடித்துவிடுவார்.

சரி, வேகத்தைக் கூட்டுவோம். மணிக்கு 90 கிலோமீட்டரில் அடித்தால் பயண நேரம் ஒரு நொடிக்குச் சற்றே அதிகம். கோல்கீப்பருக்குச் சிரமம்தான். ஆனால் சுவரைத் தாண்டிய அதே பந்து இப்போது கம்பத்துக்கு மேலே 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான இடைவெளியில் வெளியே போய்விடுகிறது. மணிக்கு 108 கிலோமீட்டரில் அடித்தால் ஒன்றரை மீட்டர் மேலே. காற்றின் தடையைக் கழித்துவிட்டுப் போட்ட கணக்கு இது. காற்றைச் சேர்த்தால் எண்கள் கொஞ்சம் மாறும், சிக்கல் மாறாது: மெதுவாக அடித்தால் பிடிபடும், வேகமாக அடித்தால் மேலே பறக்கும்.

இந்த முடிச்சை அவிழ்க்க இரண்டு வழிகள் உண்டு. பந்தைச் சுவரின் பக்கவாட்டில் வளைத்துக் கொண்டுபோவது ஒன்று. மற்றது, சுவருக்கு மேலே வேகமாகப் போன பந்தைப் புவியீர்ப்பு இழுப்பதைவிடக் கூடுதலாகக் கீழே இறக்குவது. இந்த இரண்டாவது வழிக்கு பிரேசிலில் 'ஃபோல்யா சேக்கா' என்று பெயர். காய்ந்த இலை என்று பொருள், நம் மொழியில் ஒரே சொல்லில் சருகு. மரத்திலிருந்து உதிரும் சருகு நேர்கோட்டில் விழாது. மிதக்கும், ஒரு பக்கம் சாயும், திடீரென்று இறங்கும். பந்தும் அப்படி இறங்கியதால் வந்த பெயர். இதைத் தன் முத்திரையாக்கியவர் டிடி. முழுப்பெயர் வால்திர் பெரேரா. 1950-களின் பிரேசில் நடுக்களத்தை ஆண்டவர், பிறகு பயிற்சியாளரானவர்.

பந்து ஏன் கூடுதலாக இறங்குகிறது?

பந்தின் மேல்பாதி போகும் திசையிலேயே முன்னோக்கிச் சுழன்றால், பந்தைச் சுற்றி ஓடும் காற்று அதன் பின்னால் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. காற்று மேலே போனால் பந்து கீழே தள்ளப்படும். இது மேக்னஸ் விளைவு. டேபிள் டென்னிஸில் 'டாப்ஸ்பின்' அடிப்பவர்களுக்கு இது அன்றாடப் பழக்கம். கால்பந்தில் எவ்வளவு சுழற்சி வேண்டும்? பந்தின் எடை 410 முதல் 450 கிராம், சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அப்படிப்பட்ட பந்து நொடிக்கு மூன்று, நான்கு முறை முன்னோக்கிச் சுழன்றால் போதும். கீழ்நோக்கிய விசை பந்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். மேலே போட்ட கணக்கில் இதைச் சேர்த்துப் பாருங்கள். கம்பத்துக்கு மேலே போன அதே 90 கிலோமீட்டர் பந்து, இப்போது கம்பத்துக்கு 80 சென்டிமீட்டர் கீழே உள்ளே நுழைகிறது, அதுவும் கிட்டத்தட்ட அதே ஒரு நொடியில்.

சுழற்சியே இல்லாமல் அடிக்கும் முறையும் உண்டு. சுழலாத பந்தின் பின்னால் காற்று சீராகப் பிரியாது. தையல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்து ஒரு கணம் இடப்பக்கமும் மறுகணம் வலப்பக்கமுமாகப் பிரியும், பந்து அலையும். அதோடு, வேகம் ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தால் காற்றுத்தடை சட்டென்று இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. அதுவரை வழுக்கிக்கொண்டு போன பந்து பிரேக் போட்டதுபோல் தளர்ந்து விழும். அந்த எல்லை பந்தின் மேற்பரப்பைப் பொறுத்தது. சொரசொரப்பான பந்துக்கு அது குறைந்த வேகத்தில் இருக்கும், வழுவழுப்பான பந்துக்கு அதிக வேகத்தில். 2010 உலகக் கோப்பையில் எட்டே துண்டுகளால் ஆன ஜபுலானி பந்தைப் பற்றிக் கோல்கீப்பர்கள் அவ்வளவு குறைபட்டுக்கொண்டதற்குக் காரணம் இதுதான். ஃப்ரீ கிக் வழக்கமாகப் போகும் வேகத்திலேயே அது அலையத் தொடங்கியது.

டிடியின் உதை இந்த இரண்டில் எது? காலின் வெளிப்புற விரல்களை ஒட்டிய பகுதியால் அவர் உதைத்தார் என்பதே வழக்கமான வருணனை. பந்து உயர்ந்து, பக்கவாட்டில் கொஞ்சம் சாய்ந்து, கடைசியில் இறங்கியது. இறக்கத்தோடு சாய்வும் இருந்திருக்கிறது என்றால் சுழற்சியின் அச்சு படுக்கையாக இல்லாமல் சரிந்திருக்க வேண்டும். அவர் காலத்துப் பந்து தைத்த தோல் பந்து, மழையில் நீரைக் குடித்துக் கனக்கும். அதை வைத்துக்கொண்டு இதைச் செய்தார் என்பதை நினைத்தால் வியப்பு இன்னும் கூடுகிறது.

அடித்துப் பழக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள்.

முதலில் தூரம். 17, 18 மீட்டரில் இதை முயலாதீர்கள். கூடுதல் இறக்கம் பயண நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நேரம் பாதியானால் இறக்கம் கால்பங்காகிவிடும். சுவருக்கும் கோலுக்கும் நடுவே பந்து இறங்க இடம் வேண்டும். 22 முதல் 30 மீட்டர் வரைதான் இந்த உதைக்கு ஏற்ற நிலம். கோலுக்கு முன்னால் வரையப்பட்ட பெனால்டி பாக்ஸின் கோட்டை ஒட்டிக் கிடைக்கும் ஃப்ரீ கிக்குக்குப் பக்கவாட்டில் வளைக்கும் உதையே பொருத்தம்.

சுவராக நிற்க ஆள் கிடைக்காவிட்டால் பந்திலிருந்து 9.15 மீட்டரில் இரண்டு கம்பு நட்டு, 2.3 மீட்டர் உயரத்தில் கயிறு கட்டுங்கள். பந்தின் நடுவைச் சுற்றி மார்க்கரில் ஒரு கோடு போடுங்கள். சுழற்சி எந்தப் பக்கம் என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது. கோடு முன்னோக்கி உருண்டால் சரியான சுழற்சி. பம்பரம்போல் சுற்றினால் பந்து பக்கத்தில் வளையும், கீழே இறங்காது.

நேர் பின்னாலிருந்து சற்றே சாய்வாக, நான்கைந்து எட்டு போதும். ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் இடைவெளியில் இருக்கட்டும். பின்தங்கி ஊன்றினால் உடல் பின்னால் சாயும், கால் பந்தின் அடியில் நுழையும், பந்து பின்னோக்கிச் சுழலும். பின்சுழற்சி பந்தை மிதக்க வைக்கும். புதிதாகப் பழகுபவர்களின் பந்து கோலுக்கு வெகு மேலே பறப்பது பெரும்பாலும் இதனால்தான். கணுக்கால் இறுகியிருக்க வேண்டும். அது தளர்ந்தால் விசை போய்விடும், பந்து எங்கே போகும் என்றும் சொல்ல முடியாது. பாதத்தின் மேல்பக்க எலும்பு பந்தின் மையத்துக்குச் சற்றுக் கீழே பட்டு, பட்ட கணத்திலேயே செங்குத்தாக மேலே வழித்துக்கொண்டு போக வேண்டும். பந்தின் முதுகைத் தேய்த்து உயர்த்துவது போன்ற அசைவு அது. முழங்கால் மேலே வரும், கால் முன்னால் நீளாது. சுழற்சி இல்லாத வகைக்கு மையத்திலேயே அறைந்துவிட்டுக் காலைச் சட்டென்று நிறுத்த வேண்டும்.

ஒரு பயிற்சிக்கு இருபது உதை போதும். தொடை களைத்த பிறகு அடிக்கும் ஒவ்வோர் உதையும் தவறான பழக்கத்தைத்தான் கால்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்.

இனி அந்த மனிதர்.

டிடி ரியோ டி ஜெனீரோ மாநிலத்தின் கம்போஸ் நகரில் 1920-களின் கடைசியில் பிறந்தவர். பதின்வயதில் முழங்காலில் பட்ட காயம் சீழ்ப்பிடித்து, காலையே இழக்கும் நிலைக்குப் போய் மீண்டார். சிறிய அணிகளைக் கடந்து 1949-ல் ரியோவின் ஃப்ளுமினென்சே அணிக்கு வந்தார். 1950 ஜூன் 16-ல் மரக்கானா அரங்கம் திறக்கப்பட்டபோது ரியோ அணியும் சாவோ பாலோ அணியும் மோதின. அந்தப் புல்தரையில் விழுந்த முதல் கோல் டிடியுடையது. ஆட்டத்தை வென்றது என்னவோ சாவோ பாலோதான், 3-1.

ஓட வேண்டியது பந்துதான், ஆள் அல்ல என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட வாக்கு. நிமிர்ந்த முதுகும் தூக்கிய தலையுமாக நின்று, நாற்பது மீட்டர் தள்ளி ஓடுபவரின் காலடியில் பந்தை வைப்பார். எழுத்தாளர் நெல்சன் ரோட்ரிகஸ் அவரை எத்தியோப்பிய இளவரசர் என்று அழைத்தது அந்த நடையைப் பார்த்துத்தான். சருகு உதையும் அதே சிந்தனையின் குழந்தை. கணுக்காலில் அடிபட்டு, வழக்கம்போல் உதைக்க முடியாத நாட்களில், வலிக்காத விதமாக உதைக்கத் தேடியபோது அது பிறந்தது என்று சொல்லப்படுகிறது. விசையைக் குறைத்துக்கொண்டு, மீதி வேலையைக் காற்றிடம் விட்டுவிட்டார்.

அந்த உதையின் வரலாற்றில் மறக்கக் கூடாத நாள் 1957 ஏப்ரல் 21. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பிரேசிலுக்கு எதிரி பெரு. லீமாவில் நடந்த முதல் ஆட்டம் 1-1. மரக்கானாவில் இரண்டாவது ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கிடைத்த ஃப்ரீ கிக்கை டிடி சுவருக்கு மேலே ஏற்றி இறக்கினார். 1-0. அதற்குப் பிறகு கோல் எதுவும் விழவில்லை. 1958-ல் பிரேசில் ஸ்வீடனுக்குப் போனது அந்த ஒரு பந்தால். பெலேயை உலகம் கண்டதும், கரிஞ்சாவைக் கண்டதும் அதற்குப் பின்னால் வந்தவை.

ஸ்வீடனில் அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக 1-1 என்று இருந்தபோது, ஆட்டத்தின் ஓட்டத்திலேயே வெகுதூரத்திலிருந்து அதே வகையில் ஒன்றை அடித்தார். கோல்கீப்பருக்கு எட்டவில்லை, பிரேசில் 5-2 என்று வென்றது. ஜூன் 29 இறுதி ஆட்டத்தில் நான்காவது நிமிடமே ஸ்வீடன் கோல் போட்டுவிட்டது. டிடி வலைக்குள் கிடந்த பந்தை எடுத்து, அவசரமே இல்லாமல் அதைக் கைகளில் ஏந்தி நடுவட்டம் வரை நடந்தார். 1950-ல் சொந்த மண்ணில் உலகக் கோப்பையைத் தவறவிட்டு உடைந்துபோன பிரேசிலுக்கு அந்த நடையை விடப் பெரிய உதவி அப்போது எதுவும் தேவைப்படவில்லை என்றே தோன்றுகிறது. ஐந்து நிமிடத்தில் வவா சமன் செய்தார், ஆட்டம் 5-2. தொடரின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பெருமை பதினேழு வயதுப் பெலேக்கு அல்ல, டிடிக்கே கிடைத்தது.

அடுத்த ஆண்டு ரியல் மாட்ரிட் அவரை வாங்கியது. அங்கே ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு டி ஸ்டெஃபானோவிடம் இருந்தது. ஒரு நடுக்களத்தில் இரண்டு நடத்துநர்களுக்கு இடம் இல்லை. ஒரு பருவத்திலேயே தன் பழைய ரியோ அணியான பொடாஃபோகோவுக்குத் திரும்பினார். 1962-ல் சிலியில் இரண்டாவது உலகக் கோப்பையையும் வென்றார். அப்போது வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

பயிற்சியாளர் டிடி உருவான இடம், அவருடைய உதை கதவடைத்த அதே பெரு. லீமாவின் ஸ்போர்ட்டிங் கிரிஸ்டல் அணியை 1968-ல் தேசிய சாம்பியனாக்கினார், பிறகு நாட்டின் அணி அவரிடம் வந்தது. 1930-ல் அழைப்பின் பேரில் ஆடியதைத் தவிர பெரு அதுவரை உலகக் கோப்பையில் ஆடியதில்லை. 1970-க்கான தகுதிச் சுற்றில் உடன் இருந்தவை அர்ஜென்டினாவும் பொலிவியாவும். கடைசி ஆட்டம் 1969 ஆகஸ்ட் 31, புவெனஸ் ஐரெஸில் லா பொம்போனேரா அரங்கம். சமன் செய்தால் பெருவுக்கு இடம் உண்டு. கச்சீத்தோ ராமீரெஸ் இரண்டு கோல் போட்டார், ஆட்டம் 2-2 என்று முடிந்தது. தகுதிச் சுற்றில் ஆடி அர்ஜென்டினா உலகக் கோப்பைக்குப் போகாமல் நின்றது இந்த ஒரே முறைதான்.

டிடி பெருவுக்குக் கொண்டுவந்தது புதிய வடிவம் என்பதைவிடப் புதிய துணிவு என்று சொல்லலாம். பந்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடாதே, காலில் வைத்துக்கொள், குறுகிய பாஸ்களால் முன்னேறு, பின்தங்கினாலும் அதையே செய். பின்வரிசையில் தலைவர் எக்டர் சும்பிட்டாஸ், நடுவில் ராமோன் மிஃப்ளினும் ரொபெர்த்தோ சாயேயும், முன்னால் ஆல்பெர்த்தோ கயார்தோ, பெரிக்கோ லியோன், 21 வயது தியோஃபிலோ குபீயாஸ்.

1970 மே 31, மெக்சிகோவில் உலகக் கோப்பை தொடங்கிய அதே நாளில், பெருவின் அங்காஷ் பகுதியில் பூகம்பம். ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்து, ஜூன் 2-ல் லியோன் நகரில் பெரு பல்கேரியாவோடு ஆட வேண்டியிருந்தது. இடைவேளை முடிந்து சில நிமிடத்தில் 0-2. அதன்பின் கயார்தோ ஒன்று, சும்பிட்டாஸ் ஃப்ரீ கிக்கில் ஒன்று, 73-வது நிமிடம் குபீயாஸ் ஒன்று. 3-2. மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம் என்ற விதி உலகக் கோப்பைக்கு அந்த ஆண்டுதான் வந்தது. இடைவேளைக்குப் பின் ஹூகோ சோட்டிலை இறக்கி, டிடி அதை நன்றாகவே பயன்படுத்தினார்.

மொராக்கோவை 3-0 என்று வென்றார்கள். மேற்கு ஜெர்மனியிடம் 1-3 என்று தோற்றார்கள், மூன்றையும் அடித்தவர் கெர்ட் முல்லர், அதுவும் முதல் 40 நிமிடத்துக்குள். இங்கேதான் அந்த அணியின் ஓட்டை தெரிகிறது. பல்கேரியாவிடம் 0-2, ஜெர்மனியிடம் 0-3, பிறகு பிரேசிலிடம் பதினைந்தே நிமிடத்தில் 0-2. எல்லாரும் முன்னால் போய் ஆட விரும்பும் அணியில், பந்தை இழந்த கணத்தில் பின்னால் ஆள் குறைகிறார்கள். நான்கு ஆட்டங்களில் பெரு அடித்தது 9, வாங்கியது 9. டிடி இதை அடைக்க நினைத்திருந்தால் முன்வரிசையில் ஒருவரைக் குறைத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் 0-2-லிருந்து மீளும் துணிவும் அந்த அணிக்கு இருந்திருக்காது. அவர் தேர்ந்தது சரி என்றே நான் நினைக்கிறேன்.

காலிறுதி ஜூன் 14, குவாதலஹாராவில். எதிரே பிரேசில். அதன் பயிற்சியாளர் மரியோ சகாலோ, 1958-லும் 1962-லும் டிடியோடு சேர்ந்து கோப்பையைத் தூக்கியவர். சகாலோ அந்த பிரேசிலில் ரிவெலினோவை இடது முனையிலிருந்து நடுக்களத்துக்கு இறங்கி ஆட வைத்தார், தான் ஆடிய காலத்தில் செய்த அதே வேலை. டிடியின் பெரு நான்கு பேரை முன்னால் வைத்தே ஆடியது. நடுக்களத்தில் அந்த ஓர் ஆள் வித்தியாசம் முதல் கால் மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. கயார்தோ ஒன்றைத் திருப்பினார், குபீயாஸ் 70-வது நிமிடம் 2-3 ஆக்கினார். ஐந்து நிமிடத்தில் ஜைர்சின்யோ முடித்துவைத்தார், 4-2. அந்த பிரேசிலிடம் அத்தொடரில் இரண்டு கோல் அடித்தவை பெருவும் ருமேனியாவும் மட்டுமே.

அதற்குப் பிறகு டிடி அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் அணியில் இளம் நோர்பெர்த்தோ அலோன்சோவை முதல் அணிக்குக் கொண்டுவந்தார். துருக்கியில் ஃபெனர்பாசேவுக்கு 1974, 1975 என்று தொடர்ந்து இரண்டு லீக் பட்டங்கள் வாங்கித் தந்தார். ஃப்ளுமினென்சேவுக்கும் திரும்பினார், சவுதி அரேபியாவிலும் பணிபுரிந்தார். பிரேசில் நாட்டு அணியின் பயிற்சியாளர் பொறுப்பு மட்டும் அவருக்கு வரவே இல்லை. 2001 மே 12-ல் ரியோவில் இறந்தார்.

சருகு உதையைப் பிற்காலத்தில் மிக உயரத்துக்குக் கொண்டுபோனவர் ஜூனின்யோ பெர்னம்புகானோ. பிரான்சின் லியோன் அணிக்கு ஃப்ரீ கிக்கிலிருந்து மட்டும் 44 கோல் அடித்தார். அவரைப் பார்த்துப் படித்து இத்தாலியின் பிர்லோ பழகினார்.

டிடியின் பெருவிலிருந்து வந்த உதை வேறு மாதிரியானது. 1978 ஜூன் 3, அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரம், ஸ்காட்லாந்துக்கு எதிரான ஆட்டம். குபீயாஸுக்கு இப்போது 29 வயது. பெனால்டி பாக்ஸை ஒட்டிக் கிடைத்த ஃப்ரீ கிக். சருகு இறங்க இடம் இல்லாத தூரம். வலது காலின் வெளிப்புறத்தால், சுவரைச் சுற்றி, மேல் மூலைக்கு அனுப்பினார். கோல்கீப்பர் ஆலன் ரஃப் பாய்ந்தும் பயனில்லை. பெரு 3, ஸ்காட்லாந்து 1.